மண்டகப்பட்டு: செங்கல் இல்லாத வீடும் எழுதாத வாடகையும்

விழுப்புரத்தில் செஞ்சி பேருந்து ஏறி உட்கார்ந்தால், ஊர் முடிந்ததும் வயல்கள் வரும். வயல்களுக்கு நடுவே பாறைகள் தலைகாட்டும். யாரோ உருட்டி விளையாடிவிட்டு அப்படியே விட்டுப்போன மாதிரி குண்டும் குழியுமாகக் குன்றுகள். இந்தச் சாலையில் இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது மண்டகப்பட்டு. செஞ்சிக் கோட்டையைப் பார்க்கும் அவசரத்தில் பெரும்பாலான கார்கள் நிற்காமல் தாண்டிப் போய்விடுகின்றன.

நின்று இறங்கியவர்களுக்குத் தமிழ்நாட்டின் மிகப் பழைய 'வீடு'களில் ஒன்றைப் பார்க்கக் கிடைக்கிறது. ஒரே பாறை. அதன் முகத்தைக் குடைந்து ஒரு மண்டபம். முன்னால் கனத்த தூண்கள்; அடியிலும் மேலும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. இரண்டு ஓரங்களிலும் தடியை ஊன்றியபடி இரு வாயிற்காவலர்கள். உள்ளே பின்சுவரில் வரிசையாக மூன்று அறைகள். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் குடைவித்தது இது.

நுணுக்கமான சிற்ப வேலை என்று பார்த்தால் மாமல்லபுரத்துக்கு முன்னால் இது ரொம்ப எளிமைதான். ஆனாலும் வரலாற்றுப் புத்தகங்கள் மண்டகப்பட்டைத் தாண்டிப் போவதில்லை. காரணம், இங்கே இருக்கும் ஒரு சிறு கல்வெட்டு.

வீடு கட்ட என்ன வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் செங்கல், மரம், இரும்பு, சுண்ணாம்பு என்றுதான் அடுக்குவார்கள். கிரந்த எழுத்தில், வடமொழியில் உள்ள அந்தக் கல்வெட்டு சொல்வது இதுதான்: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரம்மா, ஈசன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் இந்த இல்லத்தை எழுப்பினான். விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர். புதுமை விரும்பும் மனம் கொண்டவன் என்று பொருள்.

இன்றைய மொழியில் சொன்னால், மூன்று போர்ஷன் வீடு. மூன்று பேருக்கு. கட்டியவர் இன்னார், குடியிருப்பவர்கள் இன்னார், எதெது சேர்க்காமல் கட்டியது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது.

இப்போது அந்த மூன்று அறைகளும் காலி. அன்று வைத்த திருவுருவம் எதுவும் அங்கே இல்லை. அறை எதற்கு, யாருக்கு என்று இன்று நமக்குச் சொல்வது அந்தச் சில வரிகள் மட்டும்தான். எழுதி வைக்காமல் போயிருந்தால், 'யாரோ எதற்கோ குடைந்த குகை' என்று முடித்திருப்போம்.

எழுதி வைப்பதன் அருமை, செஞ்சி ஊருக்குள் வாடகைக்கு வீடு தேடும்போதும் புரியும். அதற்கு முன் கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம்.

கோட்டைக்குக் குடிவந்தவர்கள்

மண்டகப்பட்டைத் தாண்டி வடமேற்கே போகப் போக, தூரத்தில் செஞ்சியின் குன்றுகள் தெரியத் தொடங்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்தால் அதுதான் செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

மராட்டியக் கோட்டை என்று பட்டியலில் இருந்தாலும், இதில் குடியிருந்தவர்கள் பலர். கோனார் தலைவர்கள் தொடங்கியதாக ஊரில் சொல்வார்கள். பிறகு விஜயநகரத்து நாயக்கர்கள். பிறகு பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள். 1677-ல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் முகலாயர்களிடமிருந்து தப்பி வந்து தங்கியது இங்கேதான். ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்ட முகலாயப் படை 1698-ல்தான் உள்ளே வர முடிந்தது. 1714-ல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து நின்று உயிர்விட்ட இளைஞன் தேசிங்குராஜன், இன்றும் கதைப்பாட்டில் வாழ்கிறான். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள்.

இத்தனை பேர் வந்தார்கள், போனார்கள். ஒருவரும் ஒப்பந்தம் போட்டு வரவில்லை, நோட்டீஸ் வாங்கிக்கொண்டு காலி செய்யவும் இல்லை. பலம் இருந்தவர் இருந்தார். பலம் போனதும் வெளியேறினார்.

கீழ்க்கோட்டையில் கல்யாண மகாலின் அடுக்குக் கோபுரத்தைச் சுற்றி நடந்தால், தாழ்வான அறைகள் வரிசையாகத் தெரியும். படையைச் சேர்ந்தவர்கள் தங்கியவை என்கிறார்கள். ராஜாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சின்ன அறையில் அடுப்பு மூட்டியவரின் பெயர் யாருக்கும் தெரியாது. மேலே கொடி மாறிய ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டியவர்கள் அவர்கள்தான்.

பலம் இருப்பவர் சொல்வதுதான் சட்டம் என்பது கோட்டைக் காலத்து வழக்கம். வாடகை வீட்டில் அந்த வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

'எழுத்தெல்லாம் எதுக்கும்மா?'

கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் செஞ்சி ஊர். பேருந்து நிலையம், கடைவீதி, பள்ளிகள், அரசு அலுவலகங்கள், மருத்துவமனை. சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் இதுதான் டவுன். மாற்றலாகி வரும் ஆசிரியர், வங்கி ஊழியர், நர்ஸ், பிள்ளைகள் படிப்புக்காகக் கிராமத்திலிருந்து வரும் குடும்பம் எல்லோரும் முதலில் தேடுவது 'டூலெட்' பலகையைத்தான். பலகை கண்ணில் படாவிட்டால் பெட்டிக்கடை, டீக்கடை, இஸ்திரி வண்டி. அதிலும் கிடைக்காவிட்டால் புரோக்கர்.

அப்படி ஒரு குடும்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெண் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். கிராமத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வரமுடியாது. அம்மாதான் வீடு பார்க்க வந்திருக்கிறார்.

"எத்தன பேரும்மா இருப்பீங்க?"

"நாலு பேருக்கா. மாமியாரும் கூட இருப்பாங்க."

"வாடகை அஞ்சாயிரம். அட்வான்ஸ் அம்பதாயிரம். கரண்டு யூனிட்டு கணக்கு தனி."

"அக்ரிமென்ட்டு போட்டுக்கலாமாக்கா?"

"எழுத்தெல்லாம் எதுக்கும்மா? நம்மளுக்குள்ள என்ன?"

அந்தக் கடைசி வரியைச் சொல்லும் வீட்டுக்காரம்மா கெட்டவரல்ல. உண்மையிலேயே நம்பித்தான் சொல்கிறார். அவருக்கும் பயம் உண்டு. குடிவந்தவர் காலி செய்யாமல் இழுத்தடித்த கதையை அவரும் கேட்டிருப்பார். அந்த வாடகைதான் அவருடைய மாதச் செலவாகவும் இருக்கலாம். எழுதினால் சிக்கல் வரும் என்று அவர் நினைக்கிறார். ஆனால் எழுதாமல் விடுவதால்தான் இரண்டு பக்கமும் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதன் இடத்தில் வந்ததுதான் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. இது 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்தது. பெயர் நீளம்தான். ஆனால் சாரம் சின்னது: எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் வாடகை அதிகாரியாக இருப்பார். இதற்கென அரசு இணையதளமும் இருக்கிறது. பதிவானதும் ஒரு வாடகைப் பதிவு எண் கிடைக்கும். '11 மாசத்துக்குப் போட்டா பதிவே வேணாம்' என்பது நம்மூரில் பழகிப்போன பேச்சு. அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றிய பழைய கணக்கு. அங்கே ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம். வாடகை அதிகாரியிடம் செய்ய வேண்டிய பதிவு வேறு. 11 மாத ஒப்பந்தத்துக்கும் அது உண்டு.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்து தரும்படி வாடகை நீதிமன்றத்தில் உரிமையாளர் கேட்க முடியும். 'நம்மளுக்குள்ள என்ன' என்று சிரித்தபடி விட்ட அந்தக் காகிதம், உறவு கசக்கும் நாளில் குடியிருப்பவரின் காலடி மண்ணையே எடுத்துவிடும். பல வருஷமாக வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்களும் இன்றே ஒப்பந்தம் பற்றிப் பேசுவது நல்லது.

அட்வான்ஸ் எவ்வளவு? ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டத்தின் அளவு. அந்த 'ஒப்புக்கொள்ளாத வரை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதியிருக்கும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டால், பாதுகாப்பை நாமே விட்டுக்கொடுத்த மாதிரி. அஞ்சாயிரம் வாடகைக்கு மூன்று மாதம் என்றால் பதினைந்தாயிரம். மேலே சொன்ன அம்மா அந்தக் கணக்கை வைத்துப் பேசிப் பார்க்கலாம். பேசிக் குறைப்பதில் தப்பு ஒன்றுமில்லை.

கையெழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

வீடு பிடித்துப் போனால் உடனே பணத்தை நீட்டிவிடக் கூடாது. முதலில் தண்ணீர். குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, போர் இருந்தால் கோடையில் நிற்கிறதா என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டால் உண்மை வந்துவிடும். செஞ்சி மாதிரி பாறை ஊரில் இதை ஏப்ரல், மே மாதத்தை மனதில் வைத்துத்தான் கேட்க வேண்டும். பாறை சூடேறினால் இரவிலும் அனல் அடிக்கும். மேல்மாடி வீடு என்றால் மதிய நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அடுத்தது மின்சாரம். தனி மீட்டரா, வீட்டுக்காரரின் மீட்டரிலிருந்து வரும் சப்-மீட்டரா? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இலவச யூனிட் சலுகை உண்டு. தனி மீட்டர் இருந்தால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்கே வரும். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு என்ன கணக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, வீடு கொடுப்பவர் உண்மையிலேயே வீட்டுக்காரர்தானா என்பது. வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டையில் உள்ள பெயரைப் பார்ப்பதில் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பெரிய தொகை கொடுத்து 'போக்கியத்துக்கு' வீடு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று எடுத்து, வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறதா என்று பார்த்து, பத்திரத்தைப் பதிவு செய்த பிறகுதான் பணம் கைமாற வேண்டும். சேமிப்பு முழுவதும் அந்த ஒரே காகிதத்தில்தான் நிற்கிறது.

ஒரு சின்ன யோசனை. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அந்த மாதங்களில் வீடுகள் காலியாகக் கிடக்கும். பேரம் பேசவும் இடம் இருக்கும். ஆடியில் பார்த்துப் பேசி முடித்துவிட்டு, ஆவணி பிறந்ததும் குடிபோகலாம்.

குடிபோகும் நாளில் பால் காய்ச்சுவதற்கு முன் இன்னொரு வேலை பாக்கி. செல்போனை எடுத்து ஒவ்வொரு அறையையும் படம் பிடியுங்கள். சுவர் விரிசல், உடைந்த தாழ்ப்பாள், கசியும் குழாய், மீட்டரின் எண் எல்லாவற்றையும். அதை வீட்டுக்காரருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், அந்தத் தேதியோடு சாட்சி நிற்கும்.

குடியிருக்கும்போது

வாடகை கொடுத்தால் ரசீது கேட்பது உரிமை. யுபிஐ-யில் அனுப்பினால் 'ஜூன் மாத வாடகை' என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். ஏதோ மனக்கசப்பில் வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், 'அவரே வாங்கலையே' என்று சும்மா இருந்துவிடக் கூடாது. இரண்டு மாத பாக்கி சேர்ந்தால் அதுவே வெளியேற்றக் கேட்கக் காரணமாகிவிடும். மணியார்டரில் அனுப்பலாம். அதையும் தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது.

தகராறு என்றதும் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது நடக்கக் கூடியதுதான். ஆனால் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தி யாரையும் விரட்டக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றாலும் 24 மணி நேரத்துக்கு முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்.

குடும்பத் தலைவர் திடீரென்று இறந்துவிட்டால்? அந்தத் துக்கத்தில் வீடும் போய்விடுமோ என்று கலங்குபவர்கள் உண்டு. ஒப்பந்தக் காலம் முடியும்வரை, உடன் குடியிருந்த மனைவி, மக்களுக்கு அந்த உரிமை தொடரும். இங்கேயும் காலம் எவ்வளவு என்பதைச் சொல்வது எழுத்துதான்.

குடியிருப்பவருக்கும் கடமைகள் இருக்கின்றன. வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது; சுவரை இடித்து மாற்றக் கூடாது; வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. காலம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே உரிமையும் பொறுப்பும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

சட்டம் பேசாத இடமும் ஒன்று உண்டு. 'என்ன ஆளுங்க?' என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவது, தனியாக இருக்கும் பெண் என்றால் தயங்குவது, சாப்பாட்டைக் காரணம் காட்டுவது. ஒப்பந்தம் போட்ட பிறகுதான் இந்தச் சட்டம் கைகொடுக்கிறது. ஒப்பந்தம் வரைக்கும் வரவே விடாத கதவுகளைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் கதவைத் திறக்க வேண்டியது வீட்டுக்காரரின் மனசாட்சி.

காலி செய்யும்போது

பெரிய சண்டைகள் அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போதுதான் வருகின்றன. 'வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை கழிச்சுக்கிறேன்' என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பும். நியாயமாகக் கழிக்க வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்று முதலிலேயே எழுதியிருந்தால் அந்தப் பேச்சே எழாது. குடிவந்த அன்று எடுத்த படங்களுக்கும் அன்றைக்குத்தான் வேலை.

பேசித் தீரவில்லை என்றால் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், மேல்முறையீட்டுக்கு வாடகைத் தீர்ப்பாயம் என்று படிகள் இருக்கின்றன. வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச சட்ட உதவி கிடைக்கும். நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம்.

திரும்பும் வழியில்

செஞ்சிக்குப் போகிறவர்கள் காலையிலேயே கோட்டையை முடித்துவிடுவது நல்லது. ராஜகிரி ஏறுவதற்குக் கையில் தண்ணீர் வேண்டும். வெயில் ஏறிவிட்டால் படி ஏற முடியாது. குரங்குகள் இருப்பதால் தின்பண்டத்தைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டு விழுப்புரம் பக்கம் திரும்பினால், மாலை வெயில் சாயும்போது மண்டகப்பட்டில் நிற்கலாம். நேரம் இருந்தால் அதே மகேந்திரன் குடைவித்த தளவானூர்க் குடைவரையும் அந்த வட்டாரத்தில்தான்.

மண்டபத்துக்குள் கூட்டம் இருக்காது. வாயிற்காவலர்கள் இருவரும் காலி வீட்டைக் காத்தபடி நிற்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அந்தக் கல்வெட்டைக் காட்டிவிட்டு வாருங்கள். இத்தனை பெரிய அரசன், எதிர்த்துக் கேட்க ஆளே இல்லாத காலத்தில், யாருக்கு எந்த இடம் என்பதைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு நான்கும் வேண்டாம் என்று விட்டவன், எழுத்தை மட்டும் வேண்டாம் என்று விடவில்லை.

அடுத்த முறை யாராவது 'எழுத்தெல்லாம் எதுக்கும்மா' என்று கேட்டால், "ஒரு வரி எழுதிக்கலாம்க்கா, ரெண்டு பேருக்கும் நல்லது" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பால் காய்ச்சுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.